தெம்பாவுக்கு ஓர் இருக்கை

நடந்தவை, வரிசையாக:

1. எஸ்வாத்தினி நாட்டின் விமானப் போக்குவரத்துத் துறையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த தெம்பா, எங்கள் அலுவலகம் பெங்களூரில் நடத்திய பயிற்சிக்கு வந்தார்.

2. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடன் பயின்றவர்களோடு ஒகேனக்கல் பார்க்க வேனில் கிளம்பினார்.

3. மாரண்டஹள்ளி தாண்டி, ஒரு வளைவை ஒட்டி, வேனின் டயர் வெடித்தது.

4. பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்க, தெம்பா ஒரு சிவப்புத் துண்டோடு வளைவுக்கு அந்தப் பக்கம் நடந்து போனார். பயிற்சியில் நாங்கள் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறோம்.

5. ஒரு லாரி அவரை அடித்துவிட்டு நிற்காமல் போனது.

6. வேனில் இருந்தவர்கள் வளைவைச் சுற்றி ஓடி வருவதற்குள், யாரோ ஒருவர் அவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். பாலக்கோட்டில் மருத்துவமனை வாசலில் இறக்கி, அடிபட்ட இடத்திலேயே உயிர் போய்விட்டது என்று சொல்லிவிட்டு, பெயர் சொல்லாமல் போய்விட்டார்.

7. கனடாவில் மான்ட்ரியலில் ஒரு கூட்டத்துக்குப் போகும் பட்டியலில் என் பெயர் இருந்தது. அதை எடுத்துவிட்டு என்னைப் பாலக்கோட்டுக்கு அனுப்பினார்கள்.

நான் இருக்கும் பிரிவு டெல்லியில் ஒரு நீண்ட அறை. பிற நாட்டு விமானத் துறைகளோடு ஒப்பந்தம், கடிதப் போக்குவரத்து, அங்கிருந்து வருபவர்களுக்குப் பயிற்சி, இங்கிருந்து போகிறவர்களுக்கு அனுமதி, எல்லாம் எங்கள் மேசைகள் வழியாகத்தான் நடக்கும். நான் படித்தது வானூர்திப் பொறியியல். தர்மபுரி மாவட்டம் கடத்தூரில் இருக்கும் என் அம்மாவுக்கு, நான் விமானம் ஓட்டுகிறேனா, விமானத்தில் டிக்கெட் கிழிக்கிறேனா என்பது இன்றுவரை தெளிவில்லை. "ரெண்டும் இல்லம்மா, வெளிநாட்டு விமான ஆபீசுங்களுக்கு லெட்டர் எழுதறேன்" என்று ஒருமுறை சொன்னேன். "அதுக்கா அத்தன படிச்ச?" என்றார்.

தெம்பா வந்த பயிற்சியை ஒருங்கிணைத்தது நான்தான். விமானத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தவறைச் செய்தவரோ பார்த்தவரோ தானாக முன்வந்து சொன்னால், முதலில் அவர் பெயரை நீக்கிவிடுவோம். அதன் பிறகுதான் அவர் சொன்னது மேசைக்கு வரும். பெயர் இருந்தால் தண்டனை வரும். தண்டனை வந்தால் அடுத்த முறை யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். அடுத்த விமானம் அதே தவறால் விழும். இந்த முறையைத் தன் நாட்டில் கொண்டுவர வேண்டும் என்றுதான் தெம்பா வந்திருந்தார். தொடக்க நாளன்று நானும் வகுப்பின் கடைசி வரிசையில் இருந்தேன். அவர் கேட்டார்: "எங்கள் துறை மிகச் சிறியது. பெயரை நீக்கினாலும் யார் சொன்னது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்போது என்ன செய்வது?" வகுப்பு சிரித்தது. பயிற்றுநரும் சிரித்தார். பதில் வரவில்லை.

அவர் இறந்த செய்தி வந்ததும் எங்கள் பிரிவுத் தலைவர் என்னை அழைத்தார். "தமிழ் தெரியும். ஊரும் உன் ஊர். அவருடைய அண்ணன் வருகிறார். உடலையும் அண்ணனையும் ஒரே விமானத்தில் ஏற்றிவிடு" என்றார். நான் தலையசைத்தேன். என் மேசையிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களை வேற்று நாட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். சொந்த மாவட்டத்துக்கு அலுவல் பயணமாகப் போவது அதுதான் முதல் முறை.

முதல் நாளே தடங்கல். அண்ணன் பொங்கானியைப் பெங்களூர் விமான நிலையத்தில் எதிர்கொள்ளப் போனபோது, அவர் வெளியே வரவில்லை. உள்ளே தாவரத் தடுப்பு மேசை முன்னால் நின்றிருந்தார். உயரமான மனிதர், ஐம்பதைத் தாண்டியவர், கறுப்புக் கோட்டு, கையில் தொப்பி. மேசைமேல் ஒரு முள்கிளை. வெளிநாட்டுச் செடியைச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமுடியாது என்றார் அதிகாரி. அவர் சொன்னது சரிதான். என் அடையாள அட்டையைக் காட்டியும் பலனில்லை. கிளை ஒரு பையில் போட்டு முத்திரையிடப்பட்டு எரிப்பதற்குப் போனது.

வெளியே வந்ததும் பொங்கானி அந்தக் கிளை எதற்கு என்று சொன்னார். தன் நாட்டில் ஊர்விட்டு ஊர் ஓட்டும் பேருந்து ஓட்டுநர் அவர். மெதுவான, திருத்தமான ஆங்கிலம்.

"வெளியூரில் ஒருவர் இறந்தால் உடலை மட்டும் கொண்டுவந்தால் போதாது. உயிர் பிரிந்த இடத்துக்குப் போக வேண்டும். அங்கே இந்த முள்கிளையைப் பிடித்துக்கொண்டு, 'வா, வீட்டுக்குப் போகலாம்' என்று அழைக்க வேண்டும். கிளையில் ஏறிக்கொள்வார். பிறகு வீடு சேரும் வரை, கிளையைத் தூக்குகிறவர் அவரோடு மட்டும்தான் பேசலாம். வண்டி மாறினால் சொல்ல வேண்டும். ஆறு வந்தால் சொல்ல வேண்டும். அவருக்கு இருக்கை வாங்க வேண்டும்."

"எல்லோரும் வாங்குவார்களா?"

"என் பேருந்திலேயே பலமுறை வந்திருக்கிறார்கள். யாரும் இல்லாத இருக்கைக்கு டிக்கெட் கொடுத்து ஓட்டியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் வளைவுகளில் நிதானமாகப் போவேன்."

அலுவலகம் சொன்ன கார் வரவில்லை. பேருந்தில் போனோம். பொங்கானி ஓட்டுநருக்குப் பின்னாலேயே உட்கார்ந்து அவருடைய கைகால்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஓசூர் தாண்டியதும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "இவர் பிரேக்கை நம்புகிறார். நான் கியரை நம்புகிறவன்." பக்கத்து இருக்கைக்காரர் என்னிடம் குனிந்து, "கிரிக்கெட் ஆடறவருங்களா மேடம்?" என்றார். பஸ் ஓட்டுபவர் என்றேன். "அப்ப நம்மாளு" என்று, கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினார்.

தர்மபுரியில் லாட்ஜ். பக்கத்து மெஸ்ஸில் களியும் கீரைக் கடைசலும். கீரைக் கரண்டி வருவதற்குள் பொங்கானி களியில் விரலால் குழி பறித்துவிட்டார். பரிமாறியவர் நின்று பார்த்தார். "எங்கள் ஊரில் மக்காச்சோள மாவில் கிண்டுவோம், வெள்ளையாக இருக்கும். இது கறுப்பு. கை போகிற வழி ஒன்றுதான்" என்றார் பொங்கானி. நான் மொழிபெயர்த்தேன். பரிமாறியவர் கேட்காமலே இன்னோர் உருண்டை வைத்தார். அதைப் பொங்கானியால் முடிக்க முடியவில்லை. தம்பிக்குத்தான் களி பிடிக்கும் என்றார்.

கடத்தூருக்கு நான் போகவில்லை. அம்மா போனில், "இத்தன பக்கத்துல வந்துட்டு வூட்டுக்கு வராம போறியா?" என்றார். காரணம் சொன்னேன். "எறந்தவரு எந்தச் சர்ச்சு?" என்றார். தெரியாது என்றேன். "எதுவா இருந்தா என்ன, பூசைக்குப் பேர் குடுக்கறேன். பேரச் சொல்லு" என்றார்.

இரண்டாம் நாள் காலை மருத்துவமனையில் உடலை அடையாளம் காட்டினார். அந்த அறையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வெளியே வந்து குழாயடியில் வெகுநேரம் கை கழுவினார். பிறகு வளைவுக்குப் போனோம்.

வளைவில் ஒன்றுமே இல்லை. விமானம் விழுந்தால் ஒரு திருகாணியைக்கூட அளந்து குறித்த பிறகுதான் எடுப்போம். இங்கே டயர்த் தடம் இல்லை, கண்ணாடித் துண்டு இல்லை. மண் போட்டு மூடிய ஒரு கறை, அதுவும் பாதி தேய்ந்தது. எதிரே ஒரு டீக்கடை. ஓரத்து வேலியில் இலந்தை. பொங்கானி நேராக அதனிடம் போனார். ஒரு கிளையை வளைத்து முள்ளைப் பார்த்தார். இலந்தைக்கு முள் இரண்டிரண்டாக இருக்கும். ஒன்று நேராக நிற்கும், ஒன்று பின்னால் வளையும். எத்தனையோ முறை குத்து வாங்கியும் நான் அதைக் கவனித்ததில்லை.

"இதுதான். எங்கள் மரத்தின் தங்கை" என்றார்.

கிளையை வெட்டி, கறையருகே மண்டியிட்டு, தன் மொழியில் பேசினார். அழைக்கும் குரலாக இல்லை, தூங்குகிறவனை எழுப்பும் குரலாக இருந்தது. பிறகு கிளையை ஒரு போர்வைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். அதிலிருந்து என்னோடு பேசவில்லை.

டீக்கடை நடத்தும் செல்வி அக்கா சாலையைக் கடந்து வந்து என்னிடம் கேட்டார். "என்ன கண்ணு பண்றாரு அவரு?" சொன்னேன். அவர் முகம் மாறியது. ஏதோ சொல்ல வந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். நான் பின்னாலேயே போய் என் எண்ணைக் கொடுத்தேன். விபத்து நடந்த இடத்தில் இருப்பவரிடம் எண் கொடுத்துவிட்டு வருவது, முன்பு விமான விபத்து விசாரணையில் இருந்தபோது வந்த பழக்கம்.

திரும்பும் பேருந்தில் பொங்கானி நடத்துநரிடம் மூன்று விரல் காட்டினார்.

"மூணாவது யாருக்குங்க?"

"எறந்துபோன தம்பிக்குங்க" என்றேன்.

நடத்துநர் கிளையைப் பார்த்தார். "செத்தவங்களுக்கு மெசின்ல பட்டன் இல்லீங்களே. லக்கேஜுன்னு போடட்டுமா?" பொங்கானியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். முழு டிக்கெட்டாக மூன்று அடித்துக் கொடுத்தார். பாலக்கோட்டில் கூட்டம் ஏறியது. கூடையோடு வந்த ஓர் அம்மா கிளை இருந்த இருக்கையைப் பார்த்து, "முள்ளுக்கு சீட்டு, மனுசி நிக்கறதா?" என்றார். நடத்துநர் தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "அங்க ஆளு இருக்குதும்மா. டிக்கெட் போட்டாச்சு." பாலம் வந்தபோது பொங்கானி குனிந்து போர்வையிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மா கூடையைக் காலடியில் வைத்துவிட்டு நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் செல்வி அக்கா அழைத்தார்.

"கண்ணு, மனசு கேக்கல. அந்த முள்ளு எதுக்குன்னு நீ சொன்னதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. அவரு இங்க சாகல கண்ணு. தூக்கறப்ப கண்ணு முழிச்சு என்னயே பாத்துட்டு இருந்தாரு. நான்தான் தலையப் புடிச்சேன்."

"யாருக்கா தூக்குனது?"

"அத மட்டும் கேக்காத."

"அங்கயே போயிட்டாருன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்களே."

"வேற என்னத்தச் சொல்லுவான்? எங்க ஒறமொறையில ஒருத்தன், அடிபட்டுக் கெடந்த பையன ஏத்திட்டுப் போனான். வழியில உசுரு போச்சு. நீதான் இடிச்சியான்னு வண்டிய நிறுத்தி வெச்சுட்டாங்க. உசுரோட ஏத்தி வழியில செத்தா ஏத்துனவன் தலையிலதான் விடியும். அதனாலதான் இந்தப் பக்கம் எல்லாரும் அந்த எடத்துலயே போச்சுன்னு சொல்றது."

உதவியவரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று சட்டம் இருக்கிறது என்றேன்.

"சட்டம் டெல்லியில இருக்குது கண்ணு. வண்டி இங்கதான நிக்குது."

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டேன். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம், வண்டி நம்பர் வேண்டாம். எந்த இடம் என்பது மட்டும் போதும். அக்கா யோசித்தார். "கேட்டுப் பாக்கறேன். அவனும் தூங்கலதான்" என்றார்.

பொங்கானியின் அறைக் கதவு திறந்தே இருந்தது. இரண்டு கட்டில்களில் ஒன்றில் கிளை, கழுத்துவரை போர்வை. மற்றதில் அவர். தம்பியோடு மட்டுமே பேசலாம் என்பது எனக்குத் தெரியும், கேட்டால் போதும் என்று சொல்லிவிட்டு, கேள்விப்பட்டதைச் சொன்னேன். அவர் அசையாமல் கேட்டார். கடைசியில் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினார்.

"அப்படியானால் இன்றைக்கு முழுவதும் நான் யாரோடு பேசிக்கொண்டு வந்தேன்?"

மூன்றாம் நாள் காலை அந்தக் கிளையை வெட்டிய வேலிக்கடியிலேயே கொண்டுபோய் வைத்தார். புதிதாக ஒன்றை வெட்டினார். டீக்கடைக்குப் பின்புறம் ஒரு குட்டி யானை வண்டி நின்றது, தக்காளிப் பெட்டிகளோடு. அதிலிருந்து இறங்கியவருக்கு நாற்பது வயது இருக்கும். தோளில் துண்டு, கண்ணில் சிவப்பு. இறங்கியதுமே சொன்னார்.

"மேடம், நான் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன்."

"வேண்டாங்கண்ணா. உங்க பேரக்கூட எங்கிட்டச் சொல்லாதீங்க. தெரியாதது எங்கிட்டருந்து வெளிய போகாது."

"போலீசு?"

"நான் சொல்லமாட்டேன்."

அவர் பொங்கானியைப் பார்த்தார். தம்பியின் சாயல் தெரிந்திருக்க வேண்டும். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஏறுங்க" என்றார்.

பாலக்கோட்டுச் சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுக்கு வழி. சிறிது தூரத்தில் ரயில்வே கேட். கேட் திறந்திருந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி பேசினார்.

"மெயின் ரோட்டுலயே போயிருந்தா கேட்டு இல்லீங்க. சுத்து. இது குறுக்கு, சீக்கிரம் போயிரலாம்னு வந்தேன். வந்து நிக்கவும் கேட்டு மூடுது. கூட்ஸு. ஊர்ந்து ஊர்ந்து போகுது. எறங்கி ஓடி பின்னால ஏறுனேன். காலிப் பெட்டிங்க மேல படுக்க வெச்சிருந்தேன். தண்ணி கேட்டாரு, கையக் காட்டி. குடுத்தேன். குடுக்கலாமா கூடாதான்னு தெரியல. என் கையப் புடிச்சாரு. அவரு பாசையில பேசிட்டே இருந்தாரு. எனக்குப் பயத்துல வூட்டு பாசதான் வந்துச்சு. ஹோகோணா, ஹோகோணான்னேன். கன்னடம். கடேசி டப்பா தாண்டறதுக்குள்ள கை விட்டுருச்சுங்க."

பொங்கானிக்குச் சொன்னேன். அந்தக் கன்னடச் சொல்லுக்குப் பொருள் கேட்டார். போகலாம், போகலாம் என்று சொன்னேன்.

"நானும் அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்" என்றார்.

எங்கே அழைப்பது என்று நான் கேட்கவில்லை. அவர் வண்டியின் பின்பெட்டியில் ஏறினார். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே முழங்காலிட்டு, மரப்பலகையில் கிளையை வைத்துப் பேசினார். தக்காளிக்காரர் கீழே கைகட்டி நின்றார். நடுவில் அவர் போன் அடித்தது. மனைவி கன்னடத்தில் வைதது எனக்கே கேட்டது: மண்டி மூடப் போகிறது, தக்காளி வெயிலில் வேகிறது, நீ யாருக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறாய். அவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். ஆனால் அணைக்கவில்லை.

பொங்கானி இறங்கி வந்து, இடக்கையால் தன் வலது முழங்கையைத் தாங்கியபடி வலக்கையை நீட்டினார். அவர்கள் ஊர் மரியாதை. தக்காளிக்காரர் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். போகும்போது என்னிடம் கேட்டார்.

"பொணத்த எப்ப எடுக்கறாங்க மேடம்?"

நாளைக் காலை என்றேன்.

நான்காம் நாள் காலை மருத்துவமனையில் கையெழுத்துகள் முடிந்தன. காவல் நிலையத்திலிருந்து ஒரு காவலர் தடையில்லாச் சான்றோடு வந்திருந்தார். பொறுமையானவர். நாற்காலி கேட்டு வாங்கி பொங்கானியை உட்கார வைத்தார். பெட்டியை ஆம்புலன்ஸில் ஏற்றும் நேரத்தில், வாசலில் குட்டி யானை வந்து நின்றது. தக்காளிக்காரர் இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் ரோஜா மாலை.

வர வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். அவர் பார்த்தார். பார்த்தும் வந்தார். பெட்டிமேல் மாலையை வைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

பெட்டியைத் தூக்க வந்த ஊழியர் உற்றுப் பார்த்தார். கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. தெரிந்த முகத்தைக் கண்டவர் பேசுவதுபோல் பேசினார். "ஏங்க, நீங்கதான அன்னிக்கு எறக்கிவுட்டுட்டு ஓடுனீங்க? ஸ்ட்ரெச்சர்ல உங்க துண்டு கெடந்துச்சு. அப்பறம் தேடுனா ஆளக் காணோம்."

காவலர் எழுந்து வந்தார். "பேர் என்னங்க?"

"முனிராஜு."

அவர் பெயர் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

காவலர் வாசலுக்குப் போய் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். முன்பக்கத்தில் ஒரு நெளிவு இருந்தது. மண்டியில் இடித்தது என்றார் முனிராஜ். பின்பெட்டி கழுவியிருந்தது. "எப்பக் கழுவுனீங்க?" "அன்னிக்கேங்க. தக்காளி ஏத்தணுமே." காவலர் நிலையத்துக்கு போன் செய்தார். உதவி ஆய்வாளர் வந்தார். உதவியவர், சட்டம், பாதுகாப்பு, எல்லாவற்றையும் வரிசைப்படி சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

"மேடம், இவரு ஏத்துனத நீங்க பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"லாரி அடிச்சத?"

"இல்லீங்க. டீக்கடையில ஒருத்தங்க..."

"அவங்க பேர்?"

நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு பெயர் போய்விட்டது. இன்னொன்றையும் அந்த இடத்தில், அவரைக் கேட்காமல் கொடுக்க மனமில்லை. அவர் என் மௌனத்தையும் குறித்துக்கொண்டிருப்பார். வண்டியை ஆய்வுக்கு எடுக்க வேண்டும், ஒன்றும் இல்லையென்றால் விட்டுவிடுவோம் என்றார். குரலில் கடுமை இல்லை.

பிரிவுத் தலைவரை அழைத்தேன். "விமானம் உனக்காகக் காத்திருக்காது. சாலை விபத்து நம் துறையும் இல்லை. உடலை ஏற்று" என்றார். போனை வைத்தபோது முனிராஜ் பக்கத்தில் நின்றிருந்தார். ஆங்கிலம் புரியாவிட்டாலும் பேச்சு புரிந்திருந்தது.

"உங்கள யாரு வரச் சொன்னாங்கண்ணா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஏத்துனவன் நானு. அனுப்பறப்ப வராம இருந்தா நல்லாவா இருக்கும்?" சாவியை எடுத்துக் காவலரிடம் கொடுத்தார். "நீங்க போங்க மேடம். அவர ரெண்டாவது தடவ கேட்டுல நிக்க வெக்காதீங்க."

பொங்கானிக்கு நடந்தது புரிந்தது. கிளையைப் பிடித்தபடி முனிராஜின் முன்னால் வந்து நின்றார். அவரோடு பேசவில்லை, பேச முடியாது. கிளையிடம் பேசினார், நீளமாக, முனிராஜைப் பார்த்துக்கொண்டே. உதவி ஆய்வாளர் என்னிடம், "என்ன சொல்றாரு?" என்றார். எனக்கு அந்த மொழி தெரியாது என்றேன். அது உண்மை.

பெங்களூரில் மீதி வேலைகள் நடந்தன. இறந்தவர் பெயரில் பயணச்சீட்டு தரமுடியாது என்றது விமான நிறுவனம். வீணை, மிருதங்கம் கொண்டுபோகிறவர்கள் தங்கள் பெயரிலேயே கூடுதல் இருக்கை வாங்குவதுண்டு. அந்த விதியின்படி வாங்கினேன். தாவரத் தடுப்பு நிலையத்தில் இந்த முறை சான்றிதழ் கிடைத்தது. பாதுகாப்புச் சோதனையில் முள்ளைக் கூர்மையான பொருள் என்றார்கள். துணியை இன்னும் இரண்டு சுற்று சுற்றி, மேலதிகாரி வந்து தொட்டுப் பார்த்து, விட்டார்கள். உள்ளே போகும் முன் பொங்கானி திரும்பினார். கிளையிடம் குனிந்து ஏதோ கேட்பதுபோல் இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, ஓட்டுநர்கள் எதிர்வண்டிக்குக் காட்டுவதுபோல் கையை உயர்த்தினார். இருக்கை காலியாகவே போனதென்று தரைப்பணியில் இருந்த தோழி செய்தி அனுப்பினாள். காலி என்று அவள் எழுதியதை நான் திருத்தவில்லை.

தெம்பா கேட்ட கேள்வி அதன் பிறகு பலமுறை நினைவுக்கு வந்தது. அடுத்த பயிற்சிக்கான பாடத்திட்டம் இப்போது என் மேசையில் இருக்கிறது. அந்தக் கேள்வியை முதல் நாள் முதல் வகுப்பில் சேர்த்திருக்கிறேன். பதில் பகுதி காலி.

இப்போதைய நிலை இது. தெம்பாவை அவர்கள் வீட்டு மாட்டுத் தொழுவத்தின் ஓரத்தில் புதைத்து, கிளையையும் உடன் வைத்துவிட்டார்கள். பொங்கானி தன் வாக்குமூலத்தை அவர்கள் துறை மூலம் அனுப்பியிருக்கிறார். அது எங்கள் பிரிவுக்கு வந்து, சாலை விபத்து நம் துறை அல்ல என்ற குறிப்போடு நிற்கிறது. நான் தனிப்பட்ட முறையில் எழுதிக் கொடுத்ததை நிலையத்தில் வாங்கிக்கொண்டார்கள். நேரில் பார்க்காதவள் என்று ஓரத்தில் குறித்திருக்கிறார்கள். செல்வி அக்கா தானாகவே போய் தன் பெயரைச் சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் கடைக்கு விசாரணை என்று யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். முனிராஜ் வாடகை வண்டியில் தக்காளி அனுப்புகிறார். நான் அழைத்தால் எடுக்கிறார், "சாப்டீங்களா மேடம்" என்று கேட்கிறார், வண்டியைப் பற்றிப் பேசுவதில்லை. திங்கட்கிழமை விசாரணை. விடுப்பு போட்டிருக்கிறேன், போகிறேன். அடித்த லாரி இதுவரை கிடைக்கவில்லை. வழக்கில் இப்போதைக்கு இருப்பது ஒரே ஒரு வண்டி. தெம்பாவைத் தூக்கிக்கொண்டு போன வண்டி.